திரும்பி ஓடிய தண்ணீர்

போன வாரம் இந்தப் பக்கத்தில் எழுதிய நண்டுக் கதையைப் படித்த பிள்ளைகள் சிலர், "உங்க பொண்ணைப் பத்தி எழுதுங்க அங்கிள்" என்று கேட்டிருந்தார்கள். எழுதலாமா என்று தர்ஷினியிடமே கேட்டேன். வீட்டுப்பாடத்திலிருந்து தலையைத் தூக்காமல், "மேசை கதைய எழுது நைனா. ஆனா நான் அழுதேன்னு எழுதிடாத. நான் அழுவல" என்றாள்.

அழவில்லைதான். அழுதிருந்தால் அன்றைக்கு எல்லாருக்கும் வேலை சுலபமாக முடிந்திருக்கும்.

கறுப்பு மேசை

அது ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும் அறை. கறுப்பான நீள மேசை. அதற்கு மேலே கூரையிலிருந்து பெரிய பெட்டி ஒன்று தொங்கியது. ஏசியின் குளிரும் டெட்டால் வாசனையும். விளக்கை மங்கலாக்கி வைத்திருந்தார்கள். தண்ணீருக்கு அடியில் இருப்பதுபோல் இருந்தது எனக்கு.

மேசைமேல் தர்ஷினி படுத்திருந்தாள். அப்போது அவளுக்குப் பால் பற்கள் விழுந்துகொண்டிருந்த வயது. முன்வரிசையில் ஒரு ஓட்டை. நான் பக்கத்தில் நின்று அவள் கையைப் பிடித்திருந்தேன். எக்ஸ்ரே படாமல் இருக்க எனக்கு ஈயம் வைத்துத் தைத்த அங்கி ஒன்றை மாட்டியிருந்தார்கள். நனைந்த வலையைத் தோளில் போட்டதுபோல் கனம்.

மெல்லிய குழாய் ஒன்றின் வழியாக அவளுடைய சிறுநீர்ப் பைக்குள் மருந்துத் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டு நிரப்பியிருந்தார்கள். எக்ஸ்ரேயில் வெள்ளையாகத் தெரிகிற தண்ணீர். இனி அவள் ஒண்ணுக்குப் போக வேண்டும். அந்த மேசையிலேயே. அப்படிப் போகும்போது எடுக்கிற படத்தில்தான் அவளுக்கு ஏன் திரும்பத் திரும்பக் காய்ச்சல் வருகிறது, சிறுநீரகத்துக்கு என்ன ஆகிக்கொண்டிருக்கிறது என்பதெல்லாம் தெரியும்.

"கீழ துணி போட்டிருக்கேன்டா செல்லம். பயப்படாம போ" என்றார் டாக்டர் அம்மா.

தர்ஷினி தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டினாள்.

"வரலையா?"

"வருது. ஆனா அடக்கிக்குவேன்."

அதை அவள் பெருமையாகச் சொன்னாள். பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு ஒப்பிக்கிற பிள்ளையைப்போல.

"நைனா, இவங்களுக்கு நீ சொல்லு. நான் எம்மாந்நேரம் வேணாலும் இருப்பேன்ல?"

டாக்டர் மூலையில் இருந்த குழாயைத் திறந்துவிட்டார். தண்ணீர் சலசலவென்று தொட்டியில் விழுந்தது. கைக்குழந்தைகளுக்குச் சொல்வோமே, அதேபோல், "ஸ்ஸ்ஸ்..." என்றார். நானும், "ஸ்ஸ்ஸ்..." என்றேன். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் படம் எடுப்பவர் உட்கார்ந்திருந்தார். நரைத்த மீசைக்காரர். அவர் மைக்கில், "ஸ்ஸ்ஸ்..." என்றார். அறை முழுக்கப் பாம்புப் பண்ணைபோல் ஆகிவிட்டது.

தர்ஷினி எங்களை ஒவ்வொருவராகப் பார்த்துச் சிரித்தாள். ஒரு சொட்டு வரவில்லை.

அவள் ஏன் இப்படி ஆனாள் என்று சொல்ல, நான் கொஞ்சம் கடற்கரைப் பக்கம் போய்வர வேண்டும்.

மீனுக்கு மட்டும் தண்ணீர்

எங்கள் வீடு பட்டினப்பாக்கம் குப்பத்தில். நான் பைபர் போட்டில் கடலுக்குப் போகிறவன். பத்தாவது வரை படித்தேன். என் மனைவி கஸ்தூரி, கடற்கரைச் சாலை ஓரத்தில் குடை நட்டு மீன் விற்பவள். மயிலாப்பூர், மந்தைவெளி, தி.நகரிலிருந்தெல்லாம் வண்டியில் வந்து வாங்கிப் போவார்கள்.

அவளுக்குப் பக்கத்துக் குடை மல்லிகா அக்காவுடையது. இரண்டு பலகைக்கும் நடுவில் ஒரு கை அளவுதான் இடைவெளி. மற்ற நேரத்தில் இரண்டு பேரும் ஒரே தட்டில் சாப்பிடுவார்கள். வியாபார நேரத்தில் மட்டும், ஒருத்தியின் வாடிக்கையைப் பார்த்து மற்றவள் சிரித்துவிட்டால் போதும், அன்றைக்குப் பேச்சு கட்.

கடலில் எங்களுக்கு ஒரு வசதி உண்டு. அவசரம் என்றால் படகின் ஓரத்தில் போய் நின்றுகொள்ளலாம். சிரிக்காதீர்கள், உண்மையைத்தான் சொல்கிறேன். கரையில் இருக்கும் பெண்களுக்கு அது கிடையாது. கழிப்பறை இருக்கிறது, பஸ் ஸ்டாண்டுப் பக்கம். ஆனால் அதுவரை நடந்து போய்த் திரும்புவதற்குள் ஒரு பக்கம் பூனை, ஒரு பக்கம் காக்கை. வந்த வாடிக்கை அடுத்த குடைக்குப் போயிருக்கும்.

அதனால் அந்த வரிசையில் ஒரு பழக்கம். விடியற்காலையில் ஒரு டம்ளர் டீ குடித்துவிட்டு வந்து உட்கார்ந்தால், மீன் தீரும்வரை தண்ணீர் குடிப்பதில்லை. யாரும் சட்டம் போடவில்லை. ஒருத்தியைப் பார்த்து ஒருத்தி அப்படியே பழகிக்கொண்டார்கள். பக்கத்தில் குடம் நிறையத் தண்ணீர் இருக்கும். வஞ்சிரத்தின் மேல் தெளிப்பார்கள், சங்கராவின் மேல் தெளிப்பார்கள், கத்தியைக் கழுவுவார்கள். தங்கள் வாயில் மட்டும் ஒரு மடக்கு ஊற்றிக்கொள்ள மாட்டார்கள். நாக்கு வறண்டால் வெற்றிலை.

அந்த வருடம் பெரிய லீவு முழுக்க தர்ஷினி அம்மாவோடு குடைக்கடியில் இருந்தாள். கவிழ்த்துப் போட்ட ஐஸ் பெட்டி அவளுடைய நாற்காலி. அம்மா எப்படி உட்கார்ந்தாளோ அப்படியே உட்கார்ந்தாள். அம்மா தண்ணீர் குடிக்காவிட்டால் இவளும் இல்லை.

மல்லிகா அக்காவுக்கு அதில் அவ்வளவு சந்தோஷம்.

"ஏய் கஸ்தூரி, பாத்தியாடி ஒன் பொண்ண? காலீல குந்தினது. ஒண்ணுக்குன்னு ஒரு தபா எழுந்திரிச்சுதா? கெட்டிடி இவ! நாளைக்கே குடைய இவ கையில குட்துட்டு நீ ஊட்ல படுத்துக்கோ."

அதோடு விட மாட்டாள். மடியிலிருந்து ஒரு சோழியை எடுத்து தர்ஷினியின் கையில் வைப்பாள். வலையில் மாட்டி வரும் சோழிகளை அவள் சேர்த்து வைத்திருந்தாள், புள்ளி போட்டது, மஞ்சள் கோடு போட்டது என்று விதவிதமாக. எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்த நாளுக்கெல்லாம் தர்ஷினிக்கு ஒரு சோழி.

அவள் அதையெல்லாம் ஒரு பழைய டிபன் டப்பாவில் போட்டு வைத்தாள். தூங்கப் போகும்போது அதை ஆட்டிப் பார்ப்பாள். சிறிய அலை ஒன்று கூழாங்கல்லில் ஏறி இறங்குவதுபோல் சத்தம் வரும். அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே நாங்களும் தூங்கிப் போவோம்.

பள்ளிக்கூடம் திறந்தது. அங்கேயும் அவள் அடக்கினாள். காலையில் நிரப்பிக் கொடுத்த தண்ணீர் பாட்டில் சாயங்காலம் நிறைந்தபடியே வீட்டுக்கு வந்தது. நாங்கள் அதைப் பார்த்தோம். பாட்டிலை மறுநாளைக்கு நிரப்ப வேண்டிய வேலை மிச்சம் என்று வைத்துவிட்டோம்.

காரணம் சொல்லாத காய்ச்சல்

மழை தொடங்கியபோது காய்ச்சலும் தொடங்கியது.

சளி இல்லை, இருமல் இல்லை, தொண்டை வலி இல்லை. திடீரென்று உடம்பு கொதிக்கும். பல் கிட்டிப்போகிற அளவு குளிரும். மூன்று போர்வைக்குள்ளே அவள் சின்ன மீன்போல் துடிப்பாள். மருந்து கொடுத்தால் இறங்கும். கொஞ்ச நாளில் மறுபடி வரும்.

எங்கள் பக்கத்தில் இதற்குப் பெயர் சூடு. கஸ்தூரி அவள் தொப்புளில் விளக்கெண்ணெய் வைத்தாள். கால் கட்டைவிரல் நகத்தில் தடவினாள். இளநீர் வெட்டிக் கொடுத்தோம். வெந்தயம் ஊறவைத்துக் கொடுத்தோம். "ஒண்ணுக்குப் போனா எரியுது" என்று அவள் ஒருநாள் சொன்னபோதும், "அதான் சூடுன்றது" என்றோம். எல்லாக் கேள்விக்கும் எங்களிடம் அந்த ஒரு பதில்தான் இருந்தது.

பிறகு ஒருநாள் அவள் வாந்தி எடுத்தாள். முதுகுப் பக்கம், இடுப்புக்குச் சற்று மேலே கையை வைத்து, "நைனா, இங்க யாரோ குத்திகினே கீறாங்க" என்றாள். கண் எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தது. அவளைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவில் ஏறினேன். மந்தைவெளி, லஸ், ராயப்பேட்டை எல்லாம் மழையில் கரைந்து கண்ணாடியில் வழிந்து போனது ஞாபகம் இருக்கிறது. என் தோளில் அவளுடைய மூச்சு, கொல்லன் உலை மாதிரி.

பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்துக்கொண்டார்கள். அவளுடைய சிறுநீரைச் சுத்தமான டப்பாவில் பிடித்துச் சோதித்தார்கள். அதில் கிருமி. கீழேயிருந்து ஏறிச் சிறுநீரகம் வரைக்கும் போய்விட்ட கிருமி. கையில் ஊசி குத்தி, மருந்தைச் சொட்டுச் சொட்டாக ஏற்றினார்கள். அவள் தூங்கினாள், விழித்தாள், தூங்கினாள். கட்டிலைச் சுற்றிலும் பகலும் இரவும் ஒரே நிறமாக இருந்தது.

மல்லிகா அக்கா தூக்குப் பாத்திரத்தில் கஞ்சி கொண்டுவந்தாள். தர்ஷினியின் தலைமாட்டில் ஒரு சோழியை வைத்துவிட்டுப் போனாள். ஆசையாகத்தான் வைத்தாள். அந்தச் சோழிகள்தான் அவளை இங்கே கொண்டுவந்து விட்டன என்று அப்போது எங்கள் யாருக்கும் தெரியாது.

காய்ச்சல் விட்ட பிறகு டாக்டர் அம்மா எங்களை உட்காரவைத்து ஒரு படம் வரைந்தார். மேலே மொச்சைக்கொட்டை மாதிரி இரண்டு. அதுதான் சிறுநீரகம். அதிலிருந்து கீழே இரண்டு குழாய். கீழே ஒரு பை.

"சிறுநீர் மேலிருந்து கீழதான் வரணும். பையிலேர்ந்து திரும்பி மேல ஏறாம இருக்க இங்க ஒரு கதவு மாதிரி இருக்கும். உங்க பொண்ணுக்கு அந்தக் கதவு சரியா மூடலையோன்னு எனக்குச் சந்தேகம். அதுக்கு மேல இவ ரொம்ப நேரம் அடக்கறா. பை ரொம்பி, அழுத்தம் தாங்காம, கிருமியோட சேர்ந்து மேல தள்ளுது."

"தள்ளினா இன்னா ஆவும்மா?" என்று கஸ்தூரி கேட்டாள்.

"ஒவ்வொரு காய்ச்சலும் சிறுநீரகத்துல தழும்பு விட்டுட்டுப் போகலாம். தழும்பு விழுந்த இடம் அப்புறம் வேலை செய்யாது. இப்பவே தெரிஞ்சுக்கிட்டா காப்பாத்திக்கலாம்."

கஸ்தூரி தன் மகளின் முதுகில் கையை வைத்தாள். அந்த இரண்டு மொச்சைக்கொட்டையும் எங்கே இருக்கின்றன என்று தேடுவதுபோல.

பிள்ளைகளே, இதைப் படித்துக்கொண்டே யாராவது காலைப் பின்னிக்கொண்டு நெளிந்துகொண்டிருந்தால் முதலில் எழுந்து போய்விட்டு வாருங்கள். நான் இங்கேயே இருக்கிறேன்.

ஆறு பின்னால் நடந்த நாள்

அந்தப் படத்தைப் பார்த்தபோது எனக்கு வேறு ஒன்று தெரிந்தது.

எங்கள் குப்பம் முடிகிற இடத்தில் அடையாறு கடலில் சேருகிறது. அந்த வாயை முகத்துவாரம் என்போம். சின்ன வயதில் தெர்மகோல் அட்டையில் குப்புறப் படுத்து அதில் மிதப்போம். தண்ணீர் அழுக்குத்தான். அடி வாங்கிக்கொண்டும் போவோம்.

கடல் ஏறுகிற நேரம் என்று ஒன்று உண்டு. அப்போது ஆறு நிற்கும். முதலில் நிற்கும், அப்புறம் மெதுவாகப் பின்னால் நடக்கத் தொடங்கும். காலையில் கடலை நோக்கிப் போன ஆகாயத்தாமரைகள் எல்லாம், எதையோ வீட்டில் மறந்துவிட்டு வந்ததுபோல், வந்த வழியே திரும்பிப் போகும். அட்டையில் படுத்திருக்கும் என்னையும் கூட்டிக்கொண்டு போகும். நான் கையை அசைக்க மாட்டேன். உடைந்த பாலம் மெல்லப் பின்னுக்கு நகரும். நாரைகள் ஒற்றைக் காலில் நின்றபடி என்னைத் தாண்டிப் போகும். வானம்தான் நகர்கிறதோ, நான் நகர்கிறேனோ தெரியாது. உலகத்தில் எல்லாமே திரும்பிப் போய்க்கொண்டிருப்பதாக நினைத்துக்கொள்வேன்.

சில வருடம் அலை மணலைக் கொண்டுவந்து முகத்துவாரத்தை அடைத்துவிடும். ஆற்றுக்குப் போக்கிடம் இருக்காது. நின்று, பச்சையாகி, நாற்றமெடுக்கும். அந்த நேரம் பார்த்து மழை கொட்டினால், தண்ணீர் கோட்டூர்புரம் பக்கம் வீடுகளுக்குள் ஏறிவிடும். அதனால் மணலை வெட்டிவிடுவார்கள். இப்போது பொக்லைன் வருகிறது. அப்போதெல்லாம் எங்கள் ஆட்களே மண்வெட்டியோடு போவார்கள். ஒரு கோடு மாதிரிதான் வெட்டுவார்கள். அந்தக் கோட்டில் முதலில் விரல் அகலத்துக்குத் தண்ணீர் நுழையும். அப்புறம் கை அகலம். அப்புறம் யாரும் எதுவும் செய்ய வேண்டாம். ஆறே தன் வழியைப் பார்த்துக்கொள்ளும்.

டாக்டர் வரைந்த பையில் எனக்கு அந்த அடைத்த முகத்துவாரம் தெரிந்தது. என் மகளுக்குள் ஒரு சின்ன ஆறு பின்னால் நடந்துகொண்டிருந்தது.

உனக்கும் வருமா?

இனி மறுபடியும் அந்தக் கறுப்பு மேசைக்கு வருவோம்.

குழாய்த் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. "ஸ்ஸ்ஸ்" சொல்லிச் சொல்லி எங்களுக்கு வாய் வலித்தது. தர்ஷினியின் நெற்றியில் வியர்வை. அடிவயிறு சின்னப் பலூன்போல் மேடு கட்டியிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, கால்விரல்களை மடக்கிக்கொண்டு கிடந்தாள்.

நான் குனிந்து அவள் காதில் முகத்துவாரக் கதையைச் சொன்னேன். ஆகாயத்தாமரை திரும்பிப் போனதைச் சொன்னேன். மணல் அடைத்துக்கொண்டதைச் சொன்னேன்.

"மூடிகினா ஆறு இன்னா பண்ணும் நைனா?"

"ரிவர்ஸ் அடிச்சிகினு போவும். ஊட்டுக்குள்ளாறல்லாம் பூந்துரும்."

"அய்யே, அப்ப வெட்டிவுடு."

"நீதான்டா வெட்டணும். நீ வுட்டீன்னாதான் தண்ணி போவும்."

கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு, "வேணா நைனா. மல்லிகா பெரீம்மா சோழி தராது" என்றாள். அப்புறம் சத்தத்தைக் குறைத்து, "அம்மா அசிங்கம்னு சொல்லும். அம்மாக்கு வரவே வராது" என்றாள்.

அப்போதுதான் எனக்கு விஷயம் பிடிபட்டது. இவளுக்கு அம்மா மாதிரி ஆக வேண்டும். அம்மா எழுந்திருக்காதவள். அம்மாவுக்கு இந்த மாதிரி எதுவுமே கிடையாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

கஸ்தூரி வெளியே பெஞ்சில் இருந்தாள். குழாய் போடுவதைப் பார்க்க மாட்டேன் என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். நான் டாக்டரிடம் சொன்னேன். அவர் அவளைக் கூப்பிட்டு, இன்னொரு அங்கியை மாட்டி உள்ளே விட்டார்.

அந்தக் கனத்தோடு அவள் தடுமாறி நடந்து வந்தாள். முகத்தைப் பார்த்ததும் எனக்குப் புரிந்தது. காலையிலிருந்து வரிசையில் நின்றவள். சீட்டு வாங்கும் இடத்தில், எக்ஸ்ரே வாசலில். எங்கேயும் எழுந்து போயிருக்க மாட்டாள்.

"இன்னாடி கண்ணு, இன்னும் போவலியா?"

"நான் அடக்கிக்குவேம்மா. ஒன்ன மாதிரி."

கஸ்தூரி வாயைத் திறந்தாள். திட்டப் போகிறாள் என்று நினைத்தேன். திட்டவில்லை. மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு மகளின் முகத்துக்கு நேராகக் குனிந்தாள்.

"தோ பாரு. எனக்கு இப்ப எப்டி முட்டிகினு கீது தெரியுமா? நிக்க முடில. காலீலேர்ந்து போவல நானு."

தர்ஷினியின் கண் பெரிதாகியது.

"உனக்கும் வருமா?"

"பின்ன வராம? நான் இன்னா கல்லா? தெனோம் வரும். குடைக்கடீல குந்திகினு மீன வெட்டும்போதே வரும். கத்திய இறுக்கிப் புட்ச்சிகினு பல்ல கட்ச்சிகினு இருப்பேன். வயிறு கல்லு மாதிரி வலிக்கும்."

"ஏம்மா நீ சொல்லவே இல்ல?"

"யாராண்ட சொல்றது?"

மைக்கில் இருந்து "ஸ்ஸ்ஸ்" வருவது நின்றுவிட்டிருந்தது. குழாய் மட்டும் ஓடியது.

"தர்ஷு," என்றாள் கஸ்தூரி. "நீ போனாத்தான் நானும் போக முடியும். ஒன்ன வுட்டுட்டு நான் எப்டிடி போவேன்? அம்மாவால முடிலடி. சீக்கிரம் வுடு."

தர்ஷினி அம்மாவையே பார்த்தாள். மடக்கி வைத்திருந்த அவளுடைய கால்விரல்கள் ஒவ்வொன்றாக விரிந்தன. முகத்தில் ஒரு அமைதி வந்தது, தூங்கப் போகும் குழந்தைக்கு வருமே, அது.

விரல் அகலம். கை அகலம். பிறகு ஆறே பார்த்துக்கொண்டது.

"போகுது, போகுது! எடுங்க!" என்றார் டாக்டர். மேலே பெட்டி கிர்ரென்றது. "அப்படித்தாண்டா தங்கம். விடு விடு விடு."

"அம்மா," என்றாள் தர்ஷினி, இன்னும் போய்க்கொண்டே. "நீ போ. நான் முட்ச்சிட்டு வரேன்."

கஸ்தூரி அந்த ஈய அங்கியோடே கதவைத் திறந்துகொண்டு ஓடினாள். "அம்மா, அத கழட்டிட்டுப் போங்க!" என்று மீசைக்காரர் மைக்கில் கத்தினார். அவள் எங்கே கேட்டாள்?

வெள்ளைக் கொடி

திரையில் படத்தைக் காட்டினார்கள். கீழே வெள்ளையாக ஒரு பை. வலப்பக்கம் ஒன்றும் இல்லை. இடப்பக்கம், பையிலிருந்து ஒரு வெள்ளைக் கொடி மேலே மேலே ஏறிப் போய், சிறுநீரகத்தில் பூப்போல் விரிந்திருந்தது. அழகாகத்தான் இருந்தது. அது அங்கே இருக்கக்கூடாத பூ.

"ஒரு பக்கக் கதவு பாதிதான் மூடுது" என்றார் டாக்டர். "வளர வளர சரியாக வாய்ப்பிருக்கு. ஆகலேன்னா ஆபரேஷன் பத்தி அப்புறம் பேசலாம். அதுவரைக்கும் இன்னொரு காய்ச்சல் வர விடக்கூடாது."

அதற்குப் பிறகு எடுத்த இன்னொரு ஸ்கேனில், இடது சிறுநீரகத்தின் ஓரத்தில் சின்னதாக ஒரு தழும்பு தெரிந்தது. அது இனிப் போகாது என்றார். பெரிதாகாமல் பார்த்துக்கொள்ளலாம் என்றார்.

தினமும் தூங்கப் போகும்முன் கொஞ்சம் மருந்து என்றார். நிறையத் தண்ணீர். மலச்சிக்கல் வரக்கூடாது. வருகிறதோ இல்லையோ, நேரத்துக்கு நேரம் போக வேண்டும். போய் முடித்ததும் கொஞ்சம் பொறுத்து இன்னொரு முறை முயற்சி செய்ய வேண்டும். காய்ச்சல் வந்தால் சூடு என்று விட்டுவிடாமல் உடனே சிறுநீரைச் சோதிக்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் டீச்சரிடம் சொல்லி, கேட்டவுடன் விடும்படி நான் ஏற்பாடு செய்துவிட்டு வந்தேன்.

இதையெல்லாம் எங்களுக்குச் சொன்ன அன்றைக்கே டாக்டர் கஸ்தூரியையும் கேட்டார், "நீங்க ஒரு நாளைக்கு எவ்ளோ தண்ணி குடிப்பீங்க?"

"காலீல ஒரு டம்ளர் டீ குடிப்பேம்மா" என்றாள் அவள்.

"நீங்க குடிக்காம அவ குடிக்க மாட்டா. அவ உங்களைத்தானே பாக்கறா."

மல்லிகா அக்காவின் சோழி

மறுபடி குடை நட்ட முதல் நாளே கஸ்தூரி ஒரு பெரிய பாட்டில் தண்ணீரைப் பலகையில் வைத்தாள். எல்லாரும் பார்க்கும்படி குடித்தாள். மல்லிகா அக்கா கன்னத்தில் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு பார்த்தாள்.

"இன்னாடி, கல்யாண ஊட்ல குந்திகினு கீறியா? இம்மாந்தண்ணி குட்ச்சீன்னா யாவாரத்த யாரு பாக்கறது?"

"நீதான் பாக்கணும்."

"நானா? ஒன் மீனையா?"

அப்போதுதான் அடையாறு பக்கத்து வாடிக்கைக்காரர் ஒருவர் வந்து நின்று வஞ்சிரத்தைப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். விலைப் பேச்சு பாதியில் இருந்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்திருந்த தர்ஷினி, "அம்மா, நேரம் ஆயிட்ச்சி" என்றாள். கஸ்தூரி கத்தியைக் கீழே வைத்தாள். அந்த வரிசையில் வாடிக்கையை நடுவில் விட்டு ஒருத்தி எழுந்ததை நான் அதுவரை பார்த்ததில்லை.

"ரெண்டே நிமிசம் சார். மல்லிகாக்கா, இவருக்கு நல்லதா பாத்து வெட்டிக் குடு" என்று சொல்லிவிட்டு, மகள் கையைப் பிடித்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தாள்.

"எங்க போறாங்க?" என்றார் அவர்.

மல்லிகா அக்கா கஸ்தூரியின் பலகையைப் பார்த்தாள். தன் பலகையில் இருந்த வஞ்சிரத்தைப் பார்த்தாள். அதைக் காட்டியிருக்கலாம். எச்சிலைத் துப்பிவிட்டு, நடுவில் இருந்த அந்த ஒரு கை இடைவெளியைத் தாண்டி வந்து கஸ்தூரியின் கத்தியை எடுத்தாள்.

"எங்க போனா இன்னா உனுக்கு? குந்து. துண்டு போடணுமா, முழுசா?"

அப்படியே அது பழக்கமாகிவிட்டது. ஒருத்தி எழுந்தால் பக்கத்தவள் அவள் மீனை விற்பாள். மெல்ல வரிசை முழுக்கப் பாட்டில்கள் வந்தன. மல்லிகா அக்கா பலகையில் மட்டும் வரவில்லை. "எனுக்கு அதெல்லாம் வராது" என்பாள்.

காய்ச்சல் வராத ஒரு மழைக்காலம் போயிற்று. டாக்டர் அம்மா புது ஸ்கேனை வெளிச்சத்தில் பிடித்து, "தழும்பு அப்படியேதான் இருக்கு, பெருசாகல" என்றார். கதவு இன்னும் முழுதாக மூடவில்லை. வெள்ளைக் கொடி இப்போது பாதி வழிதான் ஏறுகிறது. நாங்கள் இன்னும் போய்க் காட்டிக்கொண்டிருக்கிறோம்.

அந்த ஸ்கேன் பார்த்துவிட்டு வந்த சாயங்காலம் நான் குடைக்கடியில் வலைக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தேன். வெயில் இறங்கி, கடல் விளக்கி வைத்த பாத்திரம்போல் மினுங்கியது. மல்லிகா அக்கா கொஞ்ச நேரமாக நெளிந்துகொண்டிருந்தாள். இந்தப் பக்கம் சாய்ந்தாள், அந்தப் பக்கம் சாய்ந்தாள். தர்ஷினி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பெரீம்மா. உனக்கும் வருதா?"

"போடி அந்தாண்ட."

"எங்கம்மாக்கு வரும். டாக்டரம்மாக்கே வரும். நான் கேட்டேன்."

மல்லிகா அக்கா சுற்றுமுற்றும் பார்த்தாள். யாரிடமும் எதுவும் சொல்லாமல் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்தாள். முழங்கால் இரண்டும் சத்தம் போட்டன. கஸ்தூரி தலையைத் தூக்காமலே கையை நீட்டி, அக்காவின் பலகையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

அக்கா திரும்பி வரும்போது நடையே வேறாக இருந்தது. ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு வந்தாள். வந்து உட்கார்ந்ததும் தர்ஷினி எழுந்து அவளிடம் போனாள். பள்ளிக்கூடப் பைக்குள் கையை விட்டு அந்தப் பழைய டிபன் டப்பாவை எடுத்தாள். கொஞ்ச நேரம் தேடி, புள்ளி போட்ட ஒரு சோழியை எடுத்து, அக்காவின் ஈரக் கையில் வைத்து மூடினாள்.

"கெட்டி," என்றாள்.